எல்லையைக் கண்டவர்... எல்லையை வகுத்தவர்!
எர்ன்ஸ்ட் அபே (1840 – 1905)

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)



வெர்னியர் காலிப்பரை விட மைக்ரோமீட்டர் ஏன் துல்லியமானது? மெட்ராலஜி வைவாவில் இந்தக் கேள்விக்குத் தப்பித்தவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. பிட்ச் சின்னது, லீஸ்ட் கவுண்ட் குறைவு என்று சொன்னால் பாதி பதில்தான். மீதிப் பாதிக்குப் பெயர் ‘அபே தத்துவம்’. அளக்கிற பொருளும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் அப்படி இருக்கிறது. வெர்னியரில் அளவுகோல் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம். தாடை லேசாகச் சாய்ந்தால் போதும், அளவு பிசகிவிடும்.

கெமிஸ்ட்ரி லேப் பக்கம் போனால் அங்கே ‘அபே ரிஃப்ராக்டோமீட்டர்’. கண்ணாடி வகைகளைப் பற்றிப் படித்தால் ‘அபே எண்’. மைக்ரோஸ்கோப்பின் மேடைக்குக் கீழே பார்த்தால் ‘அபே கன்டென்சர்’. இத்தனை இடத்தில் பெயர் இருக்கிறதே, யார் இந்த அபே? பாடப் புத்தகம் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாராவுக்குப் போய்விடுகிறது. அந்த மனிதரின் வாழ்க்கையோ நம்மைப் போன்ற மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

மில் தொழிலாளியின் மகன்

ஜெர்மனியில் துரிங்கியா பகுதியில் ஐசனாக் என்று ஓர் ஊர். அங்கே 1840 ஜனவரி 23-ல் பிறந்தார் எர்ன்ஸ்ட் அபே. அப்பா நூற்பு ஆலையில் தொழிலாளி. பிறகு மேஸ்திரி ஆனவர். அந்தக் காலத்தில் ஷிப்ட் கணக்கெல்லாம் கிடையாது. ஆர்டர் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நேரம் வேலை. 14 மணி, 15 மணி, 16 மணி நேரம் என்று நின்றபடியே உழைக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கென்று இடைவேளையும் இல்லை. அஞ்சு வயசுப் பையன் எர்ன்ஸ்டும் அவன் தங்கையும் மாற்றி மாற்றி மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போவார்கள். அப்பா மெஷினில் சாய்ந்து நின்றபடி பாத்திரத்திலிருந்தே அவசர அவசரமாகச் சாப்பிடுவார். காலிப் பாத்திரத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த நிமிஷமே வேலைக்குத் திரும்புவார். நல்ல உயரமும் மலை போன்ற பலமும் உள்ள அந்த மனிதர் 48 வயதிலேயே கிழவராகத் தளர்ந்துவிட்டார். பிற்காலத்தில் பெரிய விஞ்ஞானி ஆன பிறகும், தொழிலதிபர் ஆன பிறகும், மகன் இதை மறக்கவே இல்லை. மேடையிலேயே வெளிப்படையாகச் சொன்னார்.

பையன் கெட்டிக்காரன். மில் முதலாளி படிப்புக்கு உதவினார். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் எர்ன்ஸ்ட்தான். 1857-ல் யேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், பிறகு கோட்டிங்கன் போனார். கைச்செலவுக்கு டியூஷன் எடுத்தார். கோட்டிங்கனில் கணித மேதை ரீமான், இயற்பியல் மேதை வில்ஹெல்ம் வெபர் போன்றவர்களிடம் பயின்று 1861-ல், 21 வயதில், வெப்ப இயக்கவியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1863-ல் யேனாவுக்கே ஆசிரியராகத் திரும்பி வந்தார்.

நண்பர்களே, நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். ஃபீஸுக்கு அப்பா என்ன பாடுபடுகிறார் என்று நமக்குத் தெரியும். அதனால் இந்தக் கதை நமக்கு வேற்று நாட்டுக் கதையாகத் தோன்றாது.

பட்டறைக்கு வந்த பேராசிரியர்

யேனாவில் கார்ல் ஸைஸ் என்பவர் 1846 முதல் ஒரு பட்டறை வைத்து மைக்ரோஸ்கோப் செய்து வந்தார். நல்ல கைவேலைக்காரர். 1866-க்குள் ஆயிரமாவது மைக்ரோஸ்கோப்பையும் செய்து கொடுத்துவிட்டார். ஆனாலும் அவர் மனதில் ஒரு குறை. லென்ஸ் எப்படிச் செய்தார்கள் தெரியுமா? ஒன்றைத் தேய்ப்பது, பொருத்திப் பார்ப்பது, சரியில்லை என்றால் கழற்றி இன்னொன்றைப் போடுவது. நம்ம வொர்க்ஷாப்பில் டிராயிங்கே இல்லாமல் ஃபைல் போட்டுப் போட்டு ஜாபைப் பொருத்துவது மாதிரி! ஒரு லென்ஸ் அருமையாக வந்தால் அடுத்ததும் அப்படியே வரும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

கணக்குப் போட்டு லென்ஸ் செய்ய முடியுமா? இந்தக் கேள்வியோடு 1866-ல் ஸைஸ் தேடி வந்தது 26 வயது அபேயை. அபே ஒப்புக்கொண்டார். முதலில் அளக்கும் கருவிகளைச் செய்தார். கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை அளக்கத்தான் அந்த ரிஃப்ராக்டோமீட்டர். அளக்க முடியாததைக் கணக்கில் கொண்டுவர முடியாது, இல்லீங்களா?

தோல்வியில் பிறந்த விதி

கணக்குப்படி முதல் லென்ஸ்கள் தயாராயின. படத்தில் மங்கலைக் குறைக்க வேண்டுமானால் லென்ஸுக்குள் நுழையும் ஒளிக்கூம்பைக் குறுக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. குறுக்கினார்கள். பளிச்சென்ற படம் வந்தது. ஆனால் நுணுக்கமான கோடுகள் மட்டும் காணாமல் போய்விட்டன! கணக்கே இல்லாமல் கையால் செய்த பழைய அகல லென்ஸில் தெரிந்தது, கணக்குப் போட்டுச் செய்த புதிய லென்ஸில் தெரியவில்லை. படித்தவர் கணக்கு பட்டறையில் தோற்றது என்று யாராவது சிரித்திருந்தால் ஆச்சரியமில்லை.

அபே ஓடிவிடவில்லை. ஏன் தோற்றது என்று கேட்டார். அங்கேதான் விஷயம் இருந்தது.

அதுவரை ஒளியை நேர்கோட்டுக் கதிராக மட்டும் எண்ணிக் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒளி ஓர் அலை. மிக நுணுக்கமான கோடுகளின் வழியே போகும்போது பக்கவாட்டில் சிதறி விரியும். இதுதான் டிஃப்ராக்ஷன். கோடுகள் எவ்வளவு நெருக்கமோ, சிதறல் அவ்வளவு அகலம். அந்தச் சிதறிய ஒளியில்தான் கோடுகளைப் பற்றிய தகவலே இருக்கிறது. லென்ஸ் அதைப் பிடிக்கவில்லை என்றால் படத்தில் கோடு இல்லை. நாலா பக்கமும் தெறிக்கிற தண்ணீரை வாய் குறுகிய சொம்பில் பிடிக்க முடியுமா? அண்டா வேண்டும். குறுகிய லென்ஸ் சொம்பு. அகல லென்ஸ் அண்டா. அவ்வளவுதான்.

இதை அபே சும்மா சொல்லவில்லை, காட்டவும் செய்தார். நெருக்கமான கோடுகள் கீறிய கண்ணாடியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். லென்ஸுக்குப் பின்னால் நடுவில் ஒரு ஒளிப்புள்ளியும் இரு பக்கமும் வரிசையாகப் புள்ளிகளும் தெரியும். பக்கத்துப் புள்ளிகளை மறைத்தால் கோடுகள் மாயம்! ஒன்று விட்டு ஒன்று மறைத்தால், இருப்பதைப் போல் இரண்டு மடங்கு கோடுகள் தெரியும்! கண்ணாடி அதே கண்ணாடி, கோடுகள் அதே கோடுகள்.

1873-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். சூத்திரம் ஒன்றுகூட இல்லாமல், முழுக்க வார்த்தைகளிலேயே எழுதினார். இன்று நாம் அதை இப்படிப் படிக்கிறோம்: பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய இடைவெளி என்பது, ஒளியின் அலைநீளத்தை நியூமரிக்கல் அபெர்ச்சரின் இரண்டு மடங்கால் வகுத்தால் வருவது. நியூமரிக்கல் அபெர்ச்சர் என்றால், லென்ஸுக்கு முன் உள்ள ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணை ஒளிக்கூம்பின் பாதிக் கோணத்தின் சைனால் பெருக்கியது. பச்சை ஒளிக்கு 550 நானோமீட்டர், நல்ல லென்ஸுக்கு 1.4 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். சுமார் 200 நானோமீட்டர் வரும். அதாவது ஒரு மில்லிமீட்டரை 5,000 பங்காக்கினால் ஒரு பங்கு. எவ்வளவு விலை கொடுத்து எப்பேர்ப்பட்ட லென்ஸ் வாங்கினாலும், சாதாரண மைக்ரோஸ்கோப்பில் அதற்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. இயற்கை போட்ட எல்லை அது!

ஒரு சொட்டு எண்ணெய்

எல்லை இருக்கிறது என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிடவில்லை அபே. எல்லையின் ஓரம் வரை போவது எப்படி என்று பார்த்தார். காற்றில் நியூமரிக்கல் அபெர்ச்சர் 1-ஐத் தாண்டாது. காற்றை எடுத்துவிட்டால்? லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில், கண்ணாடிக்குச் சமமான ஒளிவிலகல் எண் கொண்ட செடார் மர எண்ணெய் ஒரு சொட்டு. ஸ்டீஃபன்சன் என்ற ஆங்கிலேயர் தந்த யோசனையை எடுத்துக்கொண்டு 1878-ல் அந்த லென்ஸைச் செய்து முடித்தார். ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தது 1882-ல். அவர் கையில் இருந்தது ஸைஸ் மைக்ரோஸ்கோப், அபேயின் கன்டென்சர், எண்ணெய் லென்ஸ். மில் தொழிலாளியின் மகன் போட்ட கணக்கு எத்தனை உயிர்களுக்கு உதவியிருக்கிறது, பாருங்கள்!

அடுத்த சிக்கல் கண்ணாடி. அன்றைய கண்ணாடியில் வரி வரியாக ஓடும் குறைகள் இருந்தன. ஓர் இடத்தில் ஓர் ஒளிவிலகல் எண், பக்கத்தில் வேறு. ஓட்டோ ஷாட் என்ற இளம் கண்ணாடி வேதியியலாளர் 1879-ல் அபேக்குக் கடிதம் எழுதினார். இருவரும் ஸைஸ் குடும்பத்தோடு சேர்ந்து 1884-ல் யேனாவில் கண்ணாடி ஆய்வகம் தொடங்கினார்கள். புதிய கண்ணாடிகள் பிறந்தன. 1886-ல் நிறப்பிசகு மிகக் குறைந்த ‘அபோக்ரோமேட்’ லென்ஸ் வந்தது. யேனா கண்ணாடி என்றாலே தரம் என்று உலகம் சொன்னது.

நடுவில், 1878-ல், பெர்லினுக்குப் பேராசிரியராக வரும்படி மாமேதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் அழைத்தார். அபே போகவில்லை. யேனாவையும் பட்டறையையும் விட அவருக்கு மனமில்லை.

எழுதிக் கொடுத்துவிட்டார்!

1876-ல் ஸைஸ் அவரைப் பங்குதாரர் ஆக்கியிருந்தார். லாபம் குவிந்தது. 1888-ல் கார்ல் ஸைஸ் மறைந்தார். அடுத்த வருஷம் அபே செய்த காரியம்தான் அவரை மற்ற எல்லா விஞ்ஞானிகளிடமிருந்தும் தனியே நிறுத்துகிறது.

1889-ல் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். பெயர், கார்ல் ஸைஸ் அறக்கட்டளை. தன் பெயரை வைத்துக்கொள்ளவில்லை, கவனியுங்கள். 1891-ல் இரண்டு தொழிற்சாலைகளிலும் தனக்கு இருந்த பங்கு முழுவதையும் அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மனைவியும் இரண்டு மகள்களும் உள்ள குடும்பஸ்தர்தான். முதலாளியாக இருந்தவர் சம்பளம் வாங்கும் நிர்வாகியாக ஆனார்.

1896-ல் அறக்கட்டளைக்கு விதிகள் எழுதினார். சம்பளத்தோடு விடுமுறை, முதுமைக்கு பென்ஷன், லாபத்தில் பங்கு, தொழிலாளர் தாங்களே தேர்ந்தெடுக்கும் குழு, வேலையிலிருந்து நீக்கினால் இழப்பீடு. மதம், கட்சி பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது. உயர்ந்த பதவியில் இருப்பவரின் சம்பளம்கூட சாதாரணத் தொழிலாளியின் சராசரி வருமானத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் போகக் கூடாது. இவையெல்லாம் கருணையால் கொடுத்த சலுகைகள் அல்ல, தொழிலாளி கேட்டுப் பெறக்கூடிய உரிமைகள் என்று எழுத்தில் வைத்தார். முதலாளி நல்லவராக இருந்தால் கிடைக்கும், கெட்டவராக இருந்தால் கிடைக்காது என்ற நிலையே இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். மில் முதலாளியின் தயவில் படித்தவருக்குத்தான் தயவின் அருமையும் தெரியும், அதன் பலவீனமும் தெரியும்.

எட்டு மணி நேரம்

1900 ஏப்ரல் 1 முதல் ஸைஸ் தொழிற்சாலையில் வேலை நேரம் ஒன்பதிலிருந்து எட்டு மணி ஆனது. தினக்கூலி குறையவில்லை. உற்பத்தி குறைந்துவிடாதா? எல்லாரும் கேட்டார்கள். அபே பதிலைக் கணக்கில் தேடினார்.

பீஸ் ரேட்டில் வேலை பார்த்த 233 பேரின் கணக்கை எடுத்தார். ஒன்பது மணி வேலை எட்டு மணியில் முடிய வேண்டுமானால் ஒரு மணி நேரத்தில் செய்யும் வேலை 12.5 சதவீதம் கூட வேண்டும். உண்மையில் கூடியதோ சுமார் 16 சதவீதம்! நேரம் குறைந்தும் மொத்த உற்பத்தி கொஞ்சம் ஏறியே இருந்தது.

ஏன் என்பதற்கும் 1901-ல் விளக்கம் சொன்னார். மெஷின் லோடு இல்லாமல் சுற்றினாலும் கரண்ட் தின்னும் அல்லவா? மனித உடம்பும் அப்படித்தான். சும்மா நிற்பதே, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதே உடம்பைத் தின்னும். அந்த வீண் நேரத்தைக் குறைத்தால் மிச்சமாகும் சக்தி வேலைக்குப் போகும். இன்றைய களைப்பு இன்றே தீராவிட்டால் அது மறுநாள் கணக்கில் கடனாக ஏறும். கடன் ஏறிக்கொண்டே போனால் ஆள் சீக்கிரம் முடிந்துபோவான். அவர் அப்பாவின் 48 வயதுதான் இந்தக் கணக்கின் முதல் புள்ளிவிவரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உடல்நலம் கெட்டு 1903-ல் ஓய்வு பெற்ற அபே, 1905 ஜனவரி 14-ல் யேனாவில் காலமானார்.

எல்லைக்கு அப்பால்

அவர் கண்ட எல்லை என்ன ஆனது? 1931-ல் வந்த எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் அலைநீளத்தையே மிகவும் சிறிதாக்கி, எல்லையைத் தள்ளி வைத்தது. 2014-ல் வேதியியல் நோபல் பரிசு பெட்ஸிக், ஹெல், மோர்னர் என்ற மூவருக்குக் கிடைத்தது. ஒளிரும் மூலக்கூறுகளை எல்லாம் ஒரே சமயத்தில் எரியவிடாமல், சிலவற்றை அணைத்துச் சிலவற்றை எரியவைத்து, 200 நானோமீட்டருக்குக் கீழேயும் படம் பிடிக்க வழி கண்டதற்காக. இவர்களில் ஹெல் ஆராய்ச்சி செய்தது கோட்டிங்கனில், அபே பட்டம் வாங்கிய அதே ஊரில்!

இன்னொரு வழியும் உண்டு. வெயிலில் தார் ரோட்டில் கானல் நீர் பார்த்திருப்பீர்கள். தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே போகப் போகச் சூடு குறைவு. ஒளிவிலகல் எண் படிப்படியாக மாறுவதால் ஒளி வளைந்து வருகிறது. இதே வித்தையைக் கண்ணாடிக்குள் செய்தால்? நடுவில் ஓர் எண், ஓரத்துக்குப் போகப் போக வேறு எண். மேற்பரப்பை வளைத்துத் தேய்க்கத் தேவையே இல்லை, தட்டையான துண்டே லென்ஸாகும். ‘கிரேடியன்ட் இண்டெக்ஸ்’ லென்ஸ் என்று பெயர். நம் கண்ணில் இருப்பதே இந்த வகைதான். மாக்ஸ்வெல் 1854-லேயே இப்படி ஒரு லென்ஸைக் கணக்கில் காட்டினார். லூனபர்க் 1944-ல் இன்னொன்றைக் காட்டினார். அது ஒரு உருண்டை. எந்தப் பக்கமிருந்து அலை வந்தாலும் எதிர்ப்பக்க மேற்பரப்பில் ஒரே புள்ளியில் குவிக்கும். ரேடார் பிரதிபலிப்பான்களில் அது பயன்படுகிறது. ஜெராக்ஸ் மெஷினில் எழுத்தைப் படமாக்குவதும் வரிசையாக அடுக்கிய இந்த வகைச் சிறு கண்ணாடிக் குச்சிகள்தான். எண் மாறுவதைக் குறை என்று ஒழிக்க அபேயும் ஷாட்டும் பாடுபட்டார்கள். திட்டமிட்டு மாற்றினால் அதுவே கருவியாகும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள்.

ஒளிவிலகல் எண் அதிகமான பொருளுக்குள் அலைநீளம் சுருங்கும். எண் 3.5 என்றால் மூன்றரை மடங்கு சுருக்கம். ஒளி வெளியேறும் முகத்தில் இந்த உயர்ந்த எண் வரும்படி லென்ஸை அமைத்தால், காற்றில் முடியாத அளவு நுணுக்கமாக அலையைக் குவிக்கலாம். ஆனால் பார்க்க வேண்டிய பொருள் அந்த முகத்தை ஒட்டியபடி, அலைநீளத்தை விடக் குறைந்த தூரத்தில் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் இது என்ன? அபேயின் எண்ணெய்ச் சொட்டு யோசனையின் பேரன்தான்! விதி உடையவில்லை. அந்த விதிக்குள்ளேயே இருந்த ஒளிவிலகல் எண்ணைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறார்கள்.

நம் செல்போன் சிப்பில் உள்ள கோடுகளும் இதே விதிப்படிதான். 193 நானோமீட்டர் ஒளியில் கோடு போடும்போது லென்ஸுக்கும் சிலிக்கானுக்கும் நடுவில் தண்ணீர் நிரப்புகிறார்கள். இன்னும் சிறிய கோடுகளுக்கு 13.5 நானோமீட்டர் ஒளி. அந்த மெஷின்களுக்குக் கண்ணாடி செய்து தருவது ஸைஸ் நிறுவனம். அதன் உரிமையாளர் இன்றும் அபே ஏற்படுத்திய அதே அறக்கட்டளைதான்.

நமக்கு என்ன?

அபே வாழ்க்கையில் இரண்டு எல்லைகள். ஒன்று அவர் கண்டுபிடித்தது: கண் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியும் என்ற எல்லை. இன்னொன்று அவர் வகுத்தது: மனிதன் எவ்வளவு நேரம் உழைக்கலாம் என்ற எல்லை. முதல் எல்லையைத் தாண்டியவர்களுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள், சந்தோஷம். இரண்டாவது எல்லையைத் தாண்டச் சொல்பவர்கள் எந்தக் காலத்திலும் இருப்பார்கள். அவர்களுக்குப் பரிசு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

டிப்ளமோ முடித்து நாளை நாம் சூப்பர்வைசராகப் போவோம். நமக்குக் கீழே பத்து பேர், இருபது பேர் வேலை பார்ப்பார்கள். அவர்களில் ஒருவர் நம் அப்பா வயதில் இருப்பார். அவருடைய ஷிப்ட் ஷீட்டில் கையெழுத்துப் போடும் பேனா நம் கையில் இருக்கும். தொழில்நுட்பம் தெரிந்தவன் தொழிலாளியை மறக்க வேண்டும் என்று எந்த சிலபஸிலும் இல்லை. அபே படித்து மேலே போனார். போன இடத்திலிருந்து தன் அப்பாவைப் போன்றவர்களின் நேரத்தை மீட்டுக் கொடுத்தார். அதையும் கணக்குப் போட்டு, நிரூபித்துக் கொடுத்தார்.

நாமும் நன்றாகப் படிப்போம் நண்பர்களே. கணக்கைச் சரியாகப் போடுவோம். யாருக்காகப் போடுகிறோம் என்பதையும் மறக்காமல் இருப்போம்!